வாசகர் கேள்வி – பதில்: பழைய மடிக்கணினியில் இலகுவான லினக்ஸ் டெஸ்க்டாப்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நின்றுபோனது. அன்று முதல் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் இருக்கின்றன: நன்றாக ஓடும் பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றுவது எப்படி? அந்தக் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கட்டளைகள் தமிழ் ஒலியில் தரப்பட்டுள்ளன. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

கேள்வி: அப்பாவின் மடிக்கணினி 2013-இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. யூடியூப், தமிழ் முரசு, மின்னஞ்சல், அரசாங்க இணையச் சேவைகளுக்கான உள்நுழைவான சிங்பாஸ் வழியாக மத்திய சேம நிதிக் கணக்கு, இவ்வளவுதான் அப்பாவுக்கு வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி, எல்எக்ஸ்டிஇ ஆகிய லினக்ஸ் டெஸ்க்டாப்களில் எது மிகவும் இலகு?
– வாசகி, ஈசூன்

பதில்: இந்த மூன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. உள்நுழைந்து எதையும் திறக்காமல் அளந்தால் எக்ஸ்எஃப்சிஇ ஏறக்குறைய 600 முதல் 800 எம்பி ரேம் எடுக்கும். எல்எக்ஸ்கியூடி அதைவிட 100, 150 எம்பி குறைவாக எடுக்கும். ஓபன்பாக்ஸ், ஐஸ்டபிள்யூஎம் போன்ற வெறும் சாளர மேலாளர்கள் 300, 400 எம்பியில் நின்றுவிடும். உபுண்டு லினக்ஸின் வழக்கமான டெஸ்க்டாப்பான க்னோம் 1 ஜிபியைத் தாண்டும். ஆனால் பிரவுசரில் ஒரு யூடியூப் பக்கத்தைத் திறந்தாலே 300 முதல் 500 எம்பி போய்விடுகிறது. க்னோமை விட்டு எக்ஸ்எஃப்சிஇக்கு வந்தால் 4 ஜிபி கணினியில் பலன் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கீழே இறங்கி மிச்சம் பிடிப்பது பிரவுசரின் ஒரு டேப் அளவுதான். அந்த ஒரு டேப்புக்காக அப்பாவை வலப்பக்கம் கிளிக் செய்தால்தான் மெனு வரும் டெஸ்க்டாப்பில் உட்கார வைக்க வேண்டாம்.

எல்எக்ஸ்டிஇயை இப்போது புதிதாக நிறுவ வேண்டியதில்லை. அது ஜிடிகே 2 என்ற பழைய நூலகத்தின் மேல் கட்டப்பட்டது. அதை உருவாக்கியவர்களே எல்எக்ஸ்கியூடி பக்கம் நகர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்கு எங்கள் தேர்வு லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கண்ணுக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. உபுண்டுவின் எக்ஸ்எஃப்சிஇ வடிவமான சுபுண்டு 24.04-உம் நல்லதுதான், ஆனால் அதன் ஆதரவு 2027 ஏப்ரலோடு முடிகிறது.

கணினி மெதுவாக இருப்பதற்கு முதல் காரணம் அந்த ஹார்ட் டிஸ்க். எந்த டெஸ்க்டாப்பைப் போட்டாலும், சுழலும் தட்டில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்து முடிக்கும் வரை காத்திருந்தே ஆகவேண்டும். 240 அல்லது 256 ஜிபி கொள்ளளவுள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்குங்கள். சிம் லிம் ஸ்குவேரிலும் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும். தடிமன் 7 மில்லிமீட்டரா என்று பாருங்கள், மெலிந்த மடிக்கணினிகளில் 9.5 மில்லிமீட்டர் நுழையாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எஸ்எஸ்டியை மாட்டுங்கள். இப்படிச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. அப்பாவின் பழைய படங்களும் கோப்புகளும் இருக்கும் வட்டு கணினிக்கு வெளியே இருப்பதால், நிறுவும்போது என்ன தவறு நடந்தாலும் அவை அழியாது. பிறகு அதை யூஎஸ்பி உறையில் போட்டு வேண்டியதை நகலெடுத்துக்கொள்ளலாம்.

காலியாக இருக்கும் ரேம் இடத்தில் இன்னொரு 4 ஜிபி சேர்ப்பது அடுத்த வேலை. இங்கே பலர் ஏமாறுகிறார்கள். கோர் வரிசையின் 4-ஆம் தலைமுறை மடிக்கணினிகள் பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரேமைத்தான் ஏற்கும். 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் திரையே வராது. பழைய ரேம் வில்லையின் ஒட்டுத்தாளில் பிசி3எல் என்று இருந்தால் அதே வகையை வாங்குங்கள். பிசி3 என்று மட்டும் இருந்தால் உங்கள் மாடலுக்கு எது பொருந்தும் என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி நிறுவல். மின்ட்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி. விண்டோஸில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு 8 ஜிபி யூஎஸ்பியில் எழுதுங்கள். யூஎஸ்பியில் இருப்பது எல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம். கணினியை அணைத்து இயக்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். எந்த விசை என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. யூஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். உடனே நிறுவிவிடாதீர்கள். நேரலையாக ஓடும் அந்த நிலையிலேயே வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா, திரை வெளிச்சத்தை மாற்றும் விசைகள் கேட்கின்றனவா என்று பாருங்கள். இங்கே வேலை செய்யாதது நிறுவிய பிறகும் தானாகச் சரியாகாது.

நிறுவியில் விசைப்பலகை ஆங்கிலம் (அமெரிக்கா), நேர மண்டலம் சிங்கப்பூர். மல்டிமீடியா கோடெக்குகளை நிறுவுவதா என்று கேட்கும் பெட்டியில் கட்டாயம் டிக் போடுங்கள். முடிந்ததும் அப்டேட் மேனேஜரைத் திறந்து அனைத்துப் புதுப்பிப்புகளையும் ஏற்றிவிட்டு, டைம்ஷிஃப்ட்டில் ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்குங்கள். மீட்புப் புள்ளிகள் இரண்டு அல்லது மூன்று போதும். அதற்கு மேல் வைத்தால் சிறிய எஸ்எஸ்டியை அவையே நிரப்பிவிடும். சிங்பாஸுக்குத் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஃபயர்பாக்ஸில் பக்கத்தைத் திறந்து, வரும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் உள்ள சிங்பாஸ் செயலியால் ஸ்கேன் செய்தால் போதும்.

யூடியூப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சிப்பில் உள்ள வரைகலைப் பகுதிக்கு எச்.264 காணொளியை விரிக்கத் தெரியும், விபி9 தெரியாது. யூடியூப் அனுப்புவதோ பெரும்பாலும் விபி9. அதை விரிக்கும் சுமை முழுவதும் செயலியின் தலையில் விழுவதால் விசிறி சத்தம் போடும், படம் விட்டுவிட்டு ஓடும். ஃபயர்பாக்ஸில் எச்264ஐஃபை என்ற நீட்சியைச் சேர்த்தால் யூடியூப் எச்.264-ஐயே அனுப்பும். எந்த டெஸ்க்டாப் மாற்றத்தையும்விட அப்பா இதைத்தான் முதலில் கவனிப்பார்.

கேள்வி: டெபியன் 13 என்ற லினக்ஸை நெட்இன்ஸ்ட் (இணையம் வழியே நிறுவும் சிறிய) கோப்பிலிருந்து டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல் நிறுவினேன். பிறகு பரிந்துரைத் தொகுப்புகளைத் தவிர்த்து எக்ஸ்எஃப்சிஇ4-ஐ மட்டும் போட்டேன். முதலில் ஸ்டார்ட்எக்ஸ் என்ற கட்டளையே இல்லை என்றது. அதைச் சரிசெய்த பிறகு டெஸ்க்டாப் வந்தது. ஆனால் வைஃபை சின்னம் இல்லை, யூஎஸ்பி தானாகத் திறப்பதில்லை, வட்டைப் பகிர்வுகளாகப் பிரிக்கும் ஜிபார்ட்டெட்டைக் கிளிக் செய்தால் எதுவும் நடப்பதில்லை. எங்கே தவறு?
– வாசகர், செங்காங்

பதில்: நீங்கள் செய்தது தவறான வழி அல்ல. இலகுவான கணினியை அக்கறையோடு அமைக்க விரும்புபவர்களுக்கு இதுவே சிறந்த வழி. எதைத் தவிர்த்தோம் என்று தெரிந்து தவிர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் என்ற தேர்வைக் கொடுத்தால், தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கட்டளை கட்டாயத் தேவைகளை மட்டும் இறக்கும். எக்ஸ்எஃப்சிஇ4 தொகுப்புக்குத் திரையை வரையும் எக்ஸ்ஓஆர்ஜி என்பது கட்டாயத் தேவை அல்ல, பரிந்துரை மட்டுமே. அதனால்தான் அது வரவில்லை. ஆகவே நிறுவும்போது எக்ஸ்ஓஆர்ஜி, எக்ஸ்எஃப்சிஇ4, எக்ஸ்எஃப்சிஇ4-டெர்மினல், லைட்டிஎம் (உள்நுழைவுத் திரை) ஆகிய நான்கையும் ஒரே வரியில் கேட்டுவிடுங்கள். டெர்மினல் இல்லாமல் டெஸ்க்டாப்புக்குள் போய் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

மற்ற குறைகளுக்கு ஒவ்வொன்றாக வருவோம்.

வைஃபை சின்னத்துக்கு நெட்வொர்க் மேனேஜரும் அதன் ஆப்லெட்டும் வேண்டும். ஆனால் இவற்றை நிறுவிய பிறகும் உங்கள் கணினியில் ‘சாதனம் நிர்வகிக்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி வர வாய்ப்பு அதிகம். டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவும்போது டெபியன் நிறுவி உங்கள் வைஃபை விவரத்தை ஈடிசி அடைவில் நெட்வொர்க் என்ற உள்ளடைவில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதிவைக்கும். அந்தக் கோப்பில் பெயர் இருக்கும் சாதனத்தை நெட்வொர்க் மேனேஜர் தொடாது. இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறது என்று ஒதுங்கிக்கொள்ளும். கோப்பைத் திறந்து, எல்ஓ என்ற வரிகளை மட்டும் விட்டுவிட்டு, டபிள்யூஎல் என்று தொடங்கும் பெயர் வரும் வரிகளின் முன்னால் # குறி போடுங்கள். கணினியை மறுபடி தொடங்கியதும் ஆப்லெட்டில் வலைப்பின்னல்கள் தெரியும். கடவுச்சொல்லை மீண்டும் கேட்கும், அதைக் கையில் வைத்திருங்கள்.

யூஎஸ்பி தானாகத் திறக்க துனார்-வால்மேன், ஜிவிஎஃப்எஸ் இரண்டும் தேவை. கைப்பேசியை வயரில் இணைத்துப் படங்களை எடுக்க ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ் என்ற தொகுப்பையும் சேருங்கள். குப்பைத்தொட்டியும் ஜிவிஎஃப்எஸ்ஸை நம்பியே இருக்கிறது. அது இல்லாவிட்டால் அழிக்கும் கோப்பு திரும்ப வராமல் நிரந்தரமாகப் போய்விடும். மற்ற குறைகள் தொல்லைதான், இது மட்டும் இழப்பு. முதலில் இதை நிறுவுங்கள்.

ஜிபார்ட்டெட் திறக்காததற்குக் காரணம் போல்கிட் முகவர் இல்லாதது. நிர்வாகி கடவுச்சொல் வேண்டும் என்று நிரல் கேட்கிறது, கேள்வியைத் திரையில் காட்ட ஆள் இல்லை, எனவே நிரல் ஓசையில்லாமல் நின்றுவிடுகிறது. எல்எக்ஸ்போல்கிட் அல்லது மேட்-போல்கிட் ஒன்றை நிறுவி, செஷன் அண்ட் ஸ்டார்ட்அப் அமைப்பில் தானாகத் தொடங்கும் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று போதும், இரண்டு ஓடினால் ஒன்றோடொன்று மோதும்.

ஒலிக்கு பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர், பாவுகண்ட்ரோல். எச்சரிக்கைச் செய்திகளுக்கு எக்ஸ்எஃப்சிஇ4-நோட்டிஃபைடி. மடிக்கணினி என்பதால் எக்ஸ்எஃப்சிஇ4-பவர்-மேனேஜர் கட்டாயம். அது இல்லாமல் பேட்டரி தீரப்போவதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், கணினி திடீரென்று அணைந்துவிடும்.

நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோவைப் பயன்படுத்த உரிமை இல்லை என்று வந்தால், நிறுவும்போது ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்தப் பெட்டியைக் காலியாக விட்டால்தான் டெபியன் சூடோவை நிறுவி முதல் பயனரை அந்தக் குழுவில் சேர்க்கும். இப்போது சரிசெய்ய, எஸ்யூ என்று தட்டி இடைவெளி விட்டு ஒரு கோடு போட்டு ரூட்டாக நுழையுங்கள். சூடோவை நிறுவி, ஆட்யூசர் என்ற கட்டளைக்குப் பின் உங்கள் பயனர் பெயரையும் சூடோ என்ற குழுப் பெயரையும் கொடுங்கள். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

கேள்வி: உபுண்டுவில் க்னோம் மெதுவாக இருந்ததால் சுபுண்டு-டெஸ்க்டாப்பையும் நிறுவினேன். இப்போது கடவுச்சொல் சரியாகக் கொடுத்தாலும் திரை ஒரு கணம் கறுத்து மறுபடி உள்நுழைவுத் திரைக்கே வந்துவிடுகிறது.
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வரும், அதில் உள்நுழையுங்கள். அங்கே நுழைய முடிந்தால் கடவுச்சொல்லில் குறை இல்லை, டெஸ்க்டாப் தொடங்கும்போதுதான் விழுகிறது என்பது உறுதி.

முதலில் டிஎஃப் கட்டளையைக் கோடு எச் சேர்த்து ஓட்டுங்கள். / என்று தெரியும் முதன்மைப் பகுதி 100 விழுக்காடு நிறைந்திருந்தால் அதுவே காரணம். இரண்டாவது டெஸ்க்டாப் சில ஜிபி இடம் பிடிப்பதால் சிறிய பகிர்வு நிறைந்துவிடுவது சகஜம். வட்டில் இடம் இல்லை என்றால் உள்நுழைவுக்குத் தேவையான சிறு கோப்பைக்கூட எழுத முடியாது. சூடோ ஆப்ட் கிளீன் ஓட்டினால் இறக்கிவைத்த தொகுப்புகள் நீங்கி இடம் கிடைக்கும்.

இடம் இருக்கிறது என்றால் உங்கள் இல்ல அடைவில் புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்அதாரிட்டி கோப்பு (இதில் முதல் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) யாருக்குச் சொந்தம் என்று எல்எஸ் கோடு எல்ஏ மூலம் பாருங்கள். ரூட் என்று இருந்தால், எப்போதோ சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸை ஓட்டியிருக்கிறீர்கள். அந்தக் கோப்பை சூடோ ஆர்எம் கொண்டு அழித்துவிடலாம், அடுத்த முறை சரியான உரிமையோடு தானே உருவாகும். இதுவும் இல்லையென்றால் எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள், எந்த நிரல் விழுந்தது என்று அங்கே எழுதியிருக்கும்.

நிறுவும்போது ஜிடிஎம்3-ஆ லைட்டிஎம்-ஆ என்று நீலத் திரையில் ஒரு கேள்வி வந்திருக்கும். லைட்டிஎம் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஜிடிஎம்3 என்பது க்னோமின் ஒரு பகுதியையே உள்நுழைவுத் திரைக்காக ஏற்றிவைக்கும். மாற்ற, சூடோ போட்டு டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிஎம். உள்நுழைவுத் திரையின் மூலையில் எந்த அமர்வு தேர்வாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

சரியான பிறகு க்னோமை உடனே நீக்கிவிட வேண்டாம். ஆட்டோரிமூவ் ஓட்டும் முன் அது நீக்கப்போகும் பட்டியலை முழுதாகப் படியுங்கள். நெட்வொர்க் மேனேஜர் அதில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இணையம் போன பிறகு அதைத் திரும்ப நிறுவ இணையம் வேண்டும். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் (கைப்பேசியின் இணையத்தைப் பகிர்வது) போட்டால் பெரும்பாலும் வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு டெஸ்க்டாப்பும் ஒரே கணினியில் இருந்தால் மெனுவில் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். வட்டில் இடம் இருந்தால் அதனால் வேகம் குறையாது.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக 8 மணி நேரம் பின்தங்குகிறது. மதர்போர்டு பேட்டரியை மாற்ற வேண்டுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் நேரம் தாறுமாறாகப் போகும், சரியாக 8 மணி நேரம் போகாது. சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னே இருக்கிறது. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். லினக்ஸில் சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோகல்-ஆர்டிசி 1 என்று ஒருமுறை தட்டினால் போதும். சிங்கப்பூரில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் இந்த வழி இங்கே பிரச்சினை தராது.

கேள்வி: எக்ஸ்எஃப்சிஇ விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 என்பதைச் சேர்த்தேன். எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக வருகின்றன. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.
– துணைப்பாட ஆசிரியை, புக்கிட் பாத்தோக்

பதில்: எழுத்துரு குற்றவாளி அல்ல. நீங்கள் சேர்த்தது எக்ஸ்கேபி வகை விசைப்பலகை. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. தமிழ் 99-இன் சிறப்போ முந்தைய எழுத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்தான் இருக்கிறது. மெய்க்குப் பின் உயிரைத் தட்டினால் உயிர்மெய் ஆக வேண்டும், ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழ வேண்டும். இதைச் செய்ய உள்ளீட்டு முறை ஒன்று நடுவில் வேண்டும்.

அந்த எக்ஸ்கேபி அமைப்பை நீக்கிவிடுங்கள். ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவுங்கள். இம்-கான்ஃபிக் என்ற நிரலை ஓட்டி ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். இந்த வெளியேற்றத்தை விட்டுவிடுவதால்தான் பலருக்கு ஃபயர்பாக்ஸில் தமிழ் வருவதில்லை. பிறகு ஐபஸ்-செட்டப்பைத் திறந்து, உள்ளீட்டு முறைகளில் தமிழைத் தேடி தமிழ்99 என்பதைச் சேருங்கள். ஆங்கில ஒலிவழித் தட்டிப் பழகியவர்கள் அதே பட்டியலில் ஃபொனெடிக் என்பதைச் சேர்க்கலாம். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். சோதிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டுங்கள். ‘அம்மா’ என்று வந்தால் எல்லாம் சரி.

வகுப்புக்குப் பயிற்சித்தாள் தயாரிப்பவர் என்பதால் இன்னொன்று. லிப்ரே ஆபிஸ் தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் பகுதியில் அந்த வகையை இயக்கி, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பத்திப் பாணியில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு ஓர் எழுத்துரு என்று தனித்தனியாகவே அளவும் கேட்கும். தமிழ் மட்டும் சிறிதாகத் தெரிந்தால் அந்த இரண்டாம் அளவைக் கூட்டுங்கள். எழுத்துருவுக்கு ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் தொகுப்பு போதும், அதில் நோட்டோ சான்ஸ் தமிழும் நோட்டோ செரிஃப் தமிழும் இருக்கின்றன. எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலில் தமிழ் உடைந்து தெரிவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த டெர்மினலுக்கு நம் எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாது, கோப்பின் உள்ளே தமிழ் சரியாகவே இருக்கும்.

டெபியனை நிறுவும்போதே மொழியைத் தமிழ் என்றும் இடத்தைச் சிங்கப்பூர் என்றும் கொடுக்கலாமே என்று கேட்கும் வாசகர்களுக்கு: அந்த இணைக்கு லினக்ஸில் வட்டார அமைப்பு இல்லை, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உண்டு. ஆங்கிலம், சிங்கப்பூர் என்று கொடுங்கள். தேதி முறை, வெள்ளிக் குறி, ஏ4 தாள் எல்லாம் சரியாக அமையும். தமிழ் தட்டுவதற்கு இது தடையே இல்லை.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் மகளுக்குத் தனிப்பட்ட கற்றல் சாதனமாகக் கொடுத்த மடிக்கணினி மெதுவாக இருக்கிறது. அதில் லினக்ஸ் போடலாமா?
– தாயார், பொங்கோல்

பதில்: படிப்பு முடியும் வரை கூடாது. அதில் பள்ளி நிர்வகிக்கும் மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது. வட்டை அழித்தால் அது போய்விடும், வகுப்பில் மகளுக்குத்தான் சிரமம். வேகக் குறைவைப் பள்ளியின் தொழில்நுட்ப உதவியிடம் சொல்லுங்கள். லினக்ஸ் கற்க ஆசைப்பட்டால் வேறொரு பழைய கணினியில் கற்கட்டும்.

கேள்வி: எல்எக்ஸ்கியூடி போட்டும் 4 ஜிபி கணினி டேப்கள் கூடினால் அப்படியே உறைந்துவிடுகிறது. மவுஸ்கூட நகர்வதில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்கிறேன்.
– வாசகர், பிடோக்

பதில்: ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் வட்டில் உள்ள ஸ்வாப் பகுதிக்குப் பக்கங்களைத் தள்ளும். ஹார்ட் டிஸ்க்கில் இது மிக மெதுவாக நடக்கும், தள்ளியதையே மறுபடி கேட்கும், உறைந்தது போல் தெரியும். இதற்கு நல்ல மருந்து இசட்ரேம். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கிய ஸ்வாப்பாக வைத்துக்கொள்வது. பிரவுசர் தரவு பொதுவாக இரண்டு, மூன்று மடங்கு சுருங்கும், அதனால் 4 ஜிபி ஏறக்குறைய 5 ஜிபி போல நடந்துகொள்ளும்.

டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் இசட்ரேம்-டூல்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். ஈடிசி அடைவில் டிஃபால்ட் என்ற உள்ளடைவில் இசட்ரேம்ஸ்வாப் கோப்பைத் திறந்து, ஆல்கோ என்ற வரியில் இசட்எஸ்டிடி என்றும் பெர்சென்ட் என்ற வரியில் 50 என்றும் மாற்றி, வரிகளின் முன்னால் உள்ள # குறியை நீக்குங்கள். அந்தக் குறியை விட்டுவிட்டால் மாற்றம் எதுவும் நடக்காது. மறுபடி தொடங்கிய பின் இசட்ரேம்சிடிஎல் என்று தட்டினால் 2 ஜிபி அளவில் ஒரு வரி தெரிய வேண்டும். வட்டில் உள்ள ஸ்வாப்பை நீக்க வேண்டாம். இசட்ரேமுக்கு முன்னுரிமை அதிகம் என்பதால் அது நிறைந்த பிறகே வட்டுக்குப் போகும்.

இதோடு ஏர்லிஊம் என்ற தொகுப்பையும் சேருங்கள். ரேம் முற்றிலும் தீரும் முன்பே அதிகம் தின்னும் டேப்பை அது மூடிவிடும். ஒரு டேப் போகும், கணினி நிற்காது. பவர் பட்டனால் அணைப்பதை இன்றே நிறுத்துங்கள், வட்டில் பாதி எழுதிய கோப்புகள் கெடும். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டியில் அபவுட் என்று தட்டி முக்காற்புள்ளி வைத்து பிராசஸஸ் என்று சேர்த்தால் எந்தத் தளம் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று தெரியும். அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்தால் எந்த டேப்பை மூடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

ரேம் அளவைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் ‘ஃப்ரீ’ என்ற பத்தியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். காலியாக இருக்கும் ரேமை லினக்ஸ் கோப்புகளை நினைவில் வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும், கேட்டால் உடனே திருப்பித் தரும். ‘அவெய்லபிள்’ என்ற பத்திதான் கணக்கு.

கேள்வி: பழைய மேக்புக்கில் மின்ட் போட்டேன். வைஃபை மட்டும் இல்லை.
– வாசகர், தோ பாயோ

பதில்: பிராட்காம் சிப்பாக இருக்கும். கைப்பேசியை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் ஓட்டி (டிரைவர்) பட்டியலில் வரும், தேர்ந்தெடுத்து மறுபடி தொடங்குங்கள். இதே சிப் உள்ள விண்டோஸ் மடிக்கணினிகளில் ஓட்டி நிறுவியும் வைஃபை வராவிட்டால் செக்யூர் பூட் இயங்குகிறதா என்று பாருங்கள். கையொப்பம் பதியாத ஓட்டியை அது ஏற்றவிடாது. பயாஸில் அதை அணைப்பதற்கு முன், விண்டோஸும் அதே கணினியில் இருந்தால் வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கும்.

கேள்வி: 2009-ஆம் ஆண்டு நெட்புக், ஆட்டம் செயலி, 1 ஜிபி ரேம், 32 பிட் மட்டும். ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: இணையம் பார்க்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டால் முடியும். டெபியன் 13-இல் 32 பிட் நிறுவியே இல்லை. குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது, ஃபயர்பாக்ஸும் 2025-இல் நிறுத்திக்கொண்டது. ஆன்டிஎக்ஸ் 23-இன் 32 பிட் பதிப்பு ஐஸ்டபிள்யூஎம்மோடு 1 ஜிபியில் ஓடும். தட்டச்சு, பாட்டு, சேமித்த பிடிஎஃப் படிப்பது எல்லாம் நடக்கும்.

அதுவும் வேண்டாம் என்றால் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள், குப்பைக் குழாயில் போட வேண்டாம். 2021 ஜூலை 1 முதல் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஏற்பாட்டில் தீவு முழுவதும் தொட்டிகள் இருக்கின்றன. மடிக்கணினியை ஏற்கும் தொட்டியா என்று அதன் மேல் உள்ள குறிப்பைப் படியுங்கள். போடும் முன் வட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது.